பாதிக்குப் பாதி

அம்மையார்குப்பம், 12-1-1983

சாயப்பட்டறைக் கிணற்றில் மணல் தெரிந்துவிட்டது. போன வருஷம் மழையே இல்லை. ஹாலந்துக்குப் போக வேண்டிய கட்டம் போட்ட துணிக்குச் சிவப்பு நூல் இன்னும் தோய்க்கவில்லை. பிப்ரவரிக்குள் கப்பல் ஏறாவிட்டால், தாமதமாகிற ஒவ்வொரு வாரத்துக்கும் விலையில் பிடித்தம். நெசவாளர் சங்கத் தலைவியாக அதற்கு ஒத்துக்கொண்டு வந்தவள் நான்தான். வானம் செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?

14-1-1983

பொங்கல். தெருவில் தறிச் சத்தம் இல்லை. பண்டிகைக்காக அல்ல.

3-2-1983

எங்கள் துணியை வாங்கி விற்கும் கடைக்கார அம்மா எல்ஸ் ஹாலந்திலிருந்து வந்திருந்தார். கூடவே மெட்ராஸ் ஏஜெண்ட் சிவப்பிரகாசம். எல்ஸ் கிணற்றை எட்டிப் பார்த்தார். நான் ஏஜெண்டிடம் சொன்னேன்: “மழை பேயாதது அவங்க தப்பும் இல்ல, எங்க தப்பும் இல்ல. அப்போ நஷ்டத்த எங்க தலையில மட்டும் ஏன் கட்றாங்கன்னு கேளுங்க.”

“வேணாம் வள்ளியம்மா. ஆர்டரே பூடும்.”

“போனா போவட்டும். அப்படியே சொல்லுங்க.”

சொன்னார். நியாயம்தான், நஷ்டம் பாதிக்குப் பாதி என்றாராம் எல்ஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

4-2-1983

காலையில் சங்கத்தில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம், கோவிந்தம்மாள் அக்காவைத் தவிர.

“அவங்களுக்குப் பாதின்னா கடையில ஒரு அலமாரி காலியாவும். எனக்குப் பாதின்னா அடுப்புல உலையே ஏறாது. இது எப்பிடிடி சரிபாதி?”

கோபம் வந்தது. கிடைத்ததையும் கெடுக்கிறாளே! ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? எல்ஸ் ராத்திரி தங்கியிருந்த திருத்தணிக்குப் பஸ் ஏறிப் போனேன். எல்ஸும் ஏஜெண்டும் மலைக்கோயிலைப் பார்த்துவிட்டுப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அங்கேயே நிறுத்தி, அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தாங்க முடிந்தவர்கள் அதிகம் தாங்க வேண்டாமா என்றும் கேட்டேன். ஹாலந்தில் தன்னோடு கடை நடத்துகிறவர்களைக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் எல்ஸ். முகத்தைப் பார்த்தால் கோபமா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

21-2-1983

தகவல் இல்லை. ரேஷன் கடையில் என் காதில் விழட்டும் என்றே எங்கள் சங்கத்துப் பாஞ்சாலி சொன்னாள்: “பாதியாச்சும் வந்துகினு இருந்துச்சு. இவ பேராசையால அதுவும் பூட்ச்சு.”

நான் ஏன் போனேன்? வாய மூடிகினு இருந்திருக்கலாம் இல்ல?

9-3-1983

சிவப்பிரகாசம் நேரிலேயே வந்துவிட்டார். பிடித்தம் கிடையாது! சாயத் துணிக்கு ஆடி வரை தவணை. அதுவரை தறி சும்மா இருக்க வேண்டாம், வெள்ளைத் துணியாக நெய்து கொடுங்கள், எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். “அங்க பெரிய சண்டையாம். அந்தம்மா விடலையாம்” என்றார். பாஞ்சாலி முதல் ஆளாகத் தறிக்குழியில் இறங்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

17-1-1984

கிணறு நிறைந்திருக்கிறது. புது வருஷத்து ஆர்டர் பேச எல்ஸ் வந்தார். இந்த முறை கோவிந்தம்மாள் அக்காவை முன்னால் உட்கார வைத்தேன். பேரம் ஆரம்பிக்கும் முன்பே அக்கா, “உங்க ஊர்ல எல்லாரும் நல்லாக்கீறாங்களா?” என்று கேட்டாள். நிறையப் பேருக்கு வேலை போய்விட்டது, எங்கள் கடைகளிலும் இரண்டை மூடிவிட்டோம் என்றார் எல்ஸ்.

அக்கா ஏஜெண்டின் பக்கம் திரும்பினாள்.

“இந்த தபா எங்களால தாங்க முடியும். இருக்குற துணிய எடுத்துகினு போவட்டும். வித்துட்டுக் காசு குடுக்கட்டும்.”

சிவப்பிரகாசம் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள், மூட்டை கட்டப் பாஞ்சாலி கயிறு எடுத்து வந்துவிட்டாள்.