குட்டிப் பெட்டியில் ஒரு விரல் இடம்

பவ்யா,

ரயில் புடிக்க ஊரிகம் ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன். உப்புமா மூடி வெச்சிருக்கேன்.

"இன்னாம்மா இது, இவ்ளோ சின்ன கம்ப்யூட்டர் பெட்டியில அவ்ளோ நீள கிராபிக்ஸ் கார்டு எப்டி போவும்? வேணாம்னு சொல்லிடு"ன்னு நேத்து கத்தினேன் இல்ல? காலையில பிஸ்கட் அட்டையை அந்தக் கார்டு அளவுக்கு வெட்டி உள்ள விட்டுப் பாத்தேன். போயிடுச்சி! ஒரு விரல் இடம் மிச்சம் வேற. பதினோரு மணிக்குக் கடைக்காரர் மனோகர் கார்டு கொண்டாருவாரு, வாங்கிக்க.

மாட்டினதும் குங்குமத்தைப் பெட்டி மேல வை. ஆயுத பூஜையன்னிக்கு நான் பழைய கம்ப்யூட்டரோட ஃபேன்ல வெச்சி, சுவிட்ச் போட்டதும் உன் மூஞ்சியெல்லாம் செவந்துச்சே, அந்த மாதிரி ஆயிடப் போவுது.

உதய்

அட்டை உள்ளயே இருக்கு. எடுத்துட்டு மாட்டு!

இன்னொன்னு. நான் வர்ற வரைக்கும் கேம் ஆரம்பிக்காத. சண்டையில உன்கிட்ட தோத்தாச்சி, கேம்லயும் மொத ஆளா நான்தான் தோக்கணும்.