வாயுக்கோளாறு என்று நடித்தவருக்கு

மாமா,

அலுமாரியைத் துடைக்கும்போது உங்கள் சாம்பல் நிறக் காற்சட்டை கையில் வந்தது. இடுப்பில் மூன்று தடவை பிரித்துத் தைத்த அடையாளம். கால் பக்கம் அப்படியே இருக்கிறது. வயிறு மட்டும் வளர, நீங்கள் வற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நம் ஊர் வத்தேகமவில் ஒருவருக்குத் தொப்பை போட்டால் கடை நல்லா ஓடுது என்பார்களே தவிர, ஸ்கேன் எடு என்று யார் சொல்லப்போகிறார்கள்? நான் அதைவிட மோசம். உங்கள் கடை வாசலில் நின்று, "மாமா, எத்தனையாவது மாசம்?" என்று கேட்டேன்.

"பொறந்தா ஒன் பேரத்தான்டா வைப்பேன். எப்படியும் வாலோடதான் பொறக்கும்," என்றீர்கள்.

கடைசியில் கண்டியில் எடுத்த ஸ்கேனில், குடலுக்குப் பின்னால் கொழுப்புத் திசுவில் வளர்ந்த கட்டி தெரிந்தது. சார்கோமா என்ற புற்றுநோய். வலியே காட்டாமல் வளர்ந்திருந்தது. ஒரு சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்தார்கள். "முழுசா எடுத்தாலும் அதே இடத்துல திரும்ப வரக்கூடிய வகை. செக்கப்பை விட்டுறாதீங்க," என்றார் டாக்டரம்மா. ஒன்றைக்கூட நீங்கள் விடவில்லை. அப்படியும் வந்தது. இந்த முறை பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு.

நீங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில்தான் டாக்டரம்மா அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார். வெட்ட முடியாது, மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தலாம், கரைக்காது, மாதக்கணக்குதான்.

"தம்பிக்கிட்ட சொல்லிறாதீங்க டாக்டர். பயத்துலயே போயிருவான்," என்றார் அம்மா.

"நானா போய் சொல்லல. ஆனா அவரு கேட்டா பொய் சொல்ல மாட்டேன்மா."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். "நீதான் மூஞ்சி மாறாம பொய் சொல்லுவ. வாயுக்கோளாறுன்னு சொல்லிரு."

திரும்பும் பஸ்ஸில் அம்மா முன் சீட்டில். நீங்கள் ஜன்னலோரம்.

"என்னடா சொன்னாங்க?"

"வாயுவாம் மாமா."

சீனிப் போத்தலில் உப்பைக் கொட்டி உங்களுக்கே தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தவன் நான். அன்று குரல் உடைந்துவிட்டது.

"ஒழுங்கா சொல்லு. படுக்கையில விழுறதுக்கு முந்தி எனக்கு வேலை இருக்கு."

சொன்னேன். முன் சீட்டில் அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்தீர்கள். பிறகு, "எனக்குத் தெரியும்னு ஒங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது. அக்கா தாங்க மாட்டா," என்றீர்கள்.

அதன்பின் நீங்கள் போட்ட நாடகத்தின் முன்னால் என் குறும்பெல்லாம் வெறும் பாலர் வகுப்பு. அம்மா காலையில் ஓமத்தண்ணீர் நீட்டுவார். "கொறஞ்சிருக்காடா?" என்பார். "நல்லா கொறஞ்சிருக்குக்கா," என்று சொல்லி, சாட்சிக்கு ஓர் ஏப்பமும் விடுவீர்கள். நான் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரிப்பேன். சில நாள் அது சிரிப்பாகவே முடியாது.

காற்று மாற்றம் என்று சொல்லி நாவலப்பிட்டிக்கு ரயில் ஏறினீர்கள். ஏழு வருடம் பேசாதிருந்த கூட்டாளியோடு ஒரு பகல் முழுக்கப் பேசிவிட்டு வந்தீர்கள். மருந்தால் வந்த வாந்தி தாங்க முடியாமல் போனபோது, இனி வலி மருந்து மட்டும் போதுமென்று டாக்டரம்மாவிடம் நீங்களே சொன்னீர்கள். அம்மாவிடம், "மருந்துக்கு லீவு குடுத்துட்டாங்கக்கா," என்றீர்கள்.

நேற்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசிவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மட்டுக்கும் நிம்மதியா போயிட்டான். எல்லாம் இவன் சொன்ன பொய்யாலதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

எந்தக் குறும்பையும் அரைமணி நேரம் உள்ளே வைத்திருக்கத் தெரியாதவன் நான். இதை மட்டும், அம்மா இருக்கும்வரை வைத்திருப்பேன் மாமா.