ஒன்பதாம் கோப்பை

அல்சூர், பெங்களூரு
12 பிப்ரவரி 2024

மங்கைக்கு,

கிழங்குத் துண்டுகள் வாடாமல் வந்து சேர்ந்தன. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்றாய், அதனால் எழுதுகிறேன்.

என் உருளைக்கிழங்கு ரகத்தை வேரைத் தாக்கும் நூற்புழு அண்டாது என்று அன்று தேர்வுக்குழு முன் சொன்னேன். சிரித்தார்கள். என் மனைவியான நீயும் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தாய். வாயைத் திறக்கவில்லை. பிறகு ஊட்டிப் பண்ணைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். எதையும் நான் மறக்கவில்லை. இப்போதுதான் மறுசோதனைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தேறினால் இந்தப் பருவமே என் கிழங்கு விவசாயி நிலத்துக்குப் போகும்.

எது யாருடைய ரகம் என்று சோதிப்பவனுக்குத் தெரியக் கூடாது என்பதால் வெறும் எண்களாக அனுப்பியிருக்கிறாய். சரி. ஒவ்வொரு துண்டையும் ஒரு கண்ணாடிக் கோப்பையில் நட்டு, புழுவின் முட்டைக்கூடு கலந்த மண்ணை ஒரு கரண்டி போட்டு மூடி, இருட்டறையில் வைத்தாயிற்று. வேர் கண்ணாடியில் படரும்போது புழு பிடித்ததா இல்லையா என்று வெளியிலிருந்தே தெரிந்துவிடும்.

ஒன்பதாம் துண்டுக்கு மட்டும் ஏன் பஞ்சு சுற்றியிருந்தாய்?

தேசிகன்

ஊட்டி
20 பிப்ரவரி 2024

அன்புள்ளவருக்கு, நமஸ்காரம்.

எண்களைப் பற்றி இப்போது கேட்கக் கூடாது. முடிவில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், சொல்கிறேன்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஏரிக்கரையில் நடப்பதை விட்டுவிட்டீர்களா? அந்த இருட்டறைக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்காதீர்கள். என்னைத் திட்டுவதற்காவது உடம்பில் தெம்பு வேண்டாமா?

மங்கை

அல்சூர்
8 ஏப்ரல் 2024

மங்கைக்கு,

கையெழுத்திட்ட முடிவு இத்துடன் இருக்கிறது. நான்காம் கோப்பையில் வேர் சுத்தம். ஒன்பதாம் கோப்பையில் வேர் முழுக்க மஞ்சள் மணிகளாக முட்டைக்கூடு. என்னோடு வேலை செய்யும் பார்கவி எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், ஒம்போதுல மட்டும் கரகத் திருவிழாவுக்கு வந்த மாதிரி கூட்டம்!” என்றாள்.

எண்களை நீ சொல்ல வேண்டியதில்லை. தாம் பெற்றதைத்தான் பஞ்சில் சுற்றி அனுப்புவார்கள். ஒன்பது நீ உருவாக்கிய ரகம், நான்கு என்னுடையது. பெட்டியைப் பிரித்த அன்றே தெரிந்துகொண்டேன்.

வருத்தப்படாதே என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை.

தேசிகன்

ஊட்டி
15 ஏப்ரல் 2024

அன்புள்ளவருக்கு,

நான்கும் உங்கள் கிழங்குதான். ஒன்பதும் உங்கள் கிழங்குதான்.

சோதிப்பவர் கை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, ஒரே ரகத்தை இரண்டு எண்களில் ஒளித்து அனுப்புவது எங்கள் பண்ணை வழக்கம். இரண்டும் ஒன்றுபோல வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே சோதனை செல்லாது. இந்தப் பருவமும் போயிற்று.

என் ரகத்தை நான் அனுப்பவேயில்லை. ஒன்பதில் முளை நீண்டுவிட்டிருந்தது. வழியில் ஒடிந்துவிடக் கூடாதே என்று சுற்றினேன்.

அன்று குழுவில் ஏன் பேசவில்லை என்று ஒரு நாளாவது என்னைக் கேட்டதுண்டா? கட்டிய மனைவி பரிந்து பேசினால் அந்தக் கிழங்கை அப்புறம் யார் நம்புவார்கள்? மறுசோதனை வேண்டும் என்று இங்கிருந்து எழுதிக் கேட்டவள் நான்.

ஒன்பதுக்கு எவ்வளவு புழு மண் போட்டீர்கள்?

மங்கை

அல்சூர்
24 ஏப்ரல் 2024

மங்கை,

ஒரு கரண்டிதான் போட்டேன். அப்படித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எதற்கும் பார்கவியைக் கேட்டேன்.

“ஒரு கரண்டிதான் சார். மத்ததுக்கெல்லாம் தட்டி சமமாக்கிப் போட்டீங்க. ஒம்போதுக்கு மட்டும் குமிச்சிப் போட்டீங்க. அதுக்கு ஏதோ தனி ரூல் போலன்னு நெனச்சேன்.”

குவித்தேனா? எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பது நிஜமா என்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் உன்மேல் எதற்குக் கோபமாக இருந்தேன் என்று வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாதியிலேயே குழம்பிவிடுகிறது.

சோதனை முடிந்த கோப்பைகளை, புழு வெளியே பரவாதபடி, மண்ணோடு அவித்துக் கொட்டிவிட வேண்டும். மற்றதெல்லாம் கொட்டியாயிற்று. ஒன்பது மட்டும் இன்னும் இருட்டறையில் இருக்கிறது. அத்தனை புழுவையும் சுமந்துகொண்டு முளை வெள்ளையாக வளர்ந்து மூடியை முட்டுகிறது. பார்கவி தினமும் கேட்கிறாள், நான் நாளைக்கு என்கிறேன்.

அடுத்த பருவத்துக்குக் கேட்டுப் பார். மண்ணை நீ வந்து போடு. நான் கோப்பையைப் பிடித்துக்கொள்கிறேன்.

பஞ்சை எறியவில்லை.

தேசிகன்