மணி மேலேதான் இருந்தது

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் பட்டையைக் கலைத்துவிட்டுப் போயிருக்கிறான். காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தால், திரையின் மேல் ஓரத்தில் என் மெனு பார் இருந்த இடத்தில் ஒரே திருவிழாக் கூட்டம். கடிகாரம் வலது மூலையிலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. வெயில் காட்டும் சூரியன் ஒன்று புதிதாக. பக்கத்திலேயே ஒரு குட்டிப் பூனை ஓடிக்கொண்டிருக்கிறது. கணினிக்கு வேலை கூடினால் பூனை வேகமாக ஓடுமாம். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பூனைக்கு என்ன வேலை?

மூன்றாம் மேசை எனக்கும் அவனுக்கும் பொது. ஆறிலிருந்து இரண்டு நான், இரண்டிலிருந்து பத்து அவன், இரவில் மேசை காலி. ஒரே கணினி, ஒரே லாகின். அலங்காரம் என்று அவனுக்குப் பேர் வைத்ததே நான்தான். இப்போது சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

எல்லாவற்றையும் பழையபடி இழுத்து வைக்கப் பத்து நிமிடம் போனது. கடைசியில் கடிகாரம், அதற்கு முன்னால் நெட்வொர்க், வரைபடம், மணி. மணிதான் உயிர். வண்டியில் போனவர்களுக்கு ஏதாவது சிக்கல் என்றால் பட்டனை அழுத்துவார்கள், இங்கே சாம்பல் நிற மணி சிவப்பாகும். சத்தம் கிடையாது, போனில் அழுகிறவர்களின் பேச்சு காதில் விழ வேண்டும் அல்லவா. அரை நிமிடத்துக்குள் அதை கிளிக் செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் தாண்டினால் சூப்பர்வைசர் திரைக்குப் போய்விடும். பதினோரு வருடத்தில் என் மணி ஒன்றுகூட அங்கே போனதில்லை. கண்கொத்திப் பாம்பு என்பார் என்னை.

கழுத்து வலி. நாற்காலியை மாற்றச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

போய்விட்டது. ஒன்று போய்விட்டது.

நாலாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை, நோயாளி நூற்றிருபது கிலோ. டிரைவர் ஆள் கேட்டு 11.20க்கு அழுத்தியிருக்கிறார். நான் இன்னொரு அழைப்பின் விவரத்தை டைப் செய்துகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் தன் அறையிலிருந்து ஓடி வந்து, "என்னம்மா பண்றீங்க, மணி வந்து எவ்வளவு நேரமாச்சு!" என்றபோது நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பாக இருந்தது. அதுவரை இல்லை. இல்லவே இல்லை.

நோயாளி பிழைத்துவிட்டார். டிரைவர் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார். "என்னக்கா, தூங்கிட்டீங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் முகம் எரிந்தது.

மார்ச் 6, வெள்ளி

சமையலறை மேல் அலமாரிக் கதவில் மறுபடி இடித்துக்கொண்டேன். நெற்றியில் வீக்கம். "கதவு மேல உனக்கு என்ன கோபம்?" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு இருக்கிற எரிச்சலில் இவர் வேறு.

மார்ச் 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

மெனு பார் அமைப்புகளுக்குள் நான் இத்தனை வருடத்தில் ஒழுங்காகப் போய்ப் பார்த்ததில்லை. எத்தனை கூத்து இருக்கிறது உள்ளே. படங்களைச் சேர்க்கலாம், எடுக்கலாம், பெரிதாக்கலாம், பட்டையையே வேறு ஓரத்துக்கு நகர்த்தலாம். நடுவில் ஒரு வரி: 'தானாக மறை'. அதில் டிக் போட்டால் நாம் டைப் செய்கிற நேரத்தில் பட்டை மேலே ஒளிந்துகொள்ளும், அம்புக்குறியை மேலே கொண்டுபோனால்தான் திரும்ப வரும். அப்படியானால் வியாழக்கிழமை நடந்தது இதுதானே? நான் பார்த்தபோது டிக் இல்லை. எடுத்திருப்பான். கேள்வி வரும் என்று தெரியாதா அவனுக்கு?

மணியை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். சூரியனை எடுத்தேன். பூனையை எடுத்தேன். பட்டையைப் பூட்டி பாஸ்வேர்டு போட்டேன்.

இரண்டு மணிக்கு அலங்காரம் வந்து பார்த்துவிட்டு நின்றான். "பூனைய என்னக்கா பண்ணீங்க?"

"இது உன் வீட்டு கம்ப்யூட்டர் இல்ல."

"சரி, பூட்டு எதுக்கு? இப்படி ஒரு பட்டைக்குப் பூட்டு போட்ட ஆள நான் பார்த்ததே இல்லக்கா."

"இப்ப பார்த்துக்கோ."

நான் செய்ததில் தப்பில்லை.

மார்ச் 12, வியாழன்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

இரண்டாவது. பூட்டு போட்ட பட்டையில். பெரிதாக்கிய மணியில்.

நோயாளியின் சொந்தக்காரன் ஒருவன் குடித்துவிட்டு வண்டிக்குள் ஏறி உதவியாளர் பெண்ணைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அவள் அழுத்தியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் எங்கே இருந்தேன்? இதே நாற்காலியில்தான், திரைக்கு முன்னால்தான் இருந்தேன். சூப்பர்வைசர் அப்போது அறையில் இல்லை. நாலு நிமிடம். அவளுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை.

சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "இன்னொன்னு நடந்தா இந்த நாற்காலில உங்கள உக்கார வைக்க முடியாதும்மா. எனக்கும் மேல பதில் சொல்லணும்."

நான் சொன்னேன், சார், பட்டை மறைகிறது, அலங்காரம் ஏதோ செய்து வைத்திருக்கிறான், பாஸ்வேர்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும், கணினி டெக்னீஷியன் அவனுக்குக் கூட்டாளி. எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

விசாரணை முடியும்வரை அலங்காரத்தை ஆவண அறைக்கு அனுப்பிவிட்டார்கள். போகிறபோது என் மேசையருகே வந்தான்.

"நான் பண்ணத நீங்க பார்த்தீங்களா அக்கா?"

அழைப்பு வந்த மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

டெக்னீஷியன் வந்தார். மதியம், என் ஷிப்ட் முடிந்த பிறகு. நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், அப்போதுதான் எனக்குப் புரியும்.

பூட்டைத் திறக்கச் சொன்னார். பாஸ்வேர்டு நான் மட்டும் போட்டது, வேறு யாரும் திறந்த பதிவு இல்லை என்றார். திரையின் மேல்பக்கம் தன் சோதனைக் கருவியைத் திறக்க இடம் வேண்டும் என்று பட்டையை இழுத்துக் கீழ் ஓரத்தில் வைத்தார். "நீங்க எப்பவும் போல டைப் பண்ணுங்க மேடம், நான் பின்னால இருந்து மணி விடறேன்." பழைய அழைப்பு ஒன்றைப் பார்த்து டைப் செய்தேன். மணி சிவந்தது, தட்டினேன். மறுபடி. தட்டினேன். பத்துக்குப் பத்து. எனக்குப் பெருமை. பார்த்தீங்களா, நான் சொன்னேனே, ஒழுங்காக இருந்தால் நான் ஏன் விடப்போகிறேன்?

பிறகு பட்டையை மேலே கொண்டுபோனார். டைப் செய்தேன். ஒன்று வந்தது, தட்டினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

"நிறுத்திட்டீங்களா?" என்றேன்.

"மேடம், இப்ப மணி சிவப்பா இருக்கு."

தலையைத் தூக்கினேன். இருந்தது. "இப்பத்தானே வந்துச்சு?"

"ஒரு நிமிஷமா இருக்கு."

பத்தில் மூன்றுதான் பிடித்தேன். மறுபடி செய்யச் சொன்னேன். இரண்டு. ஏமாற்றுகிறீர்கள் என்று சத்தம்கூடப் போட்டேன் அவரிடம். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "கடைசியா கண் டாக்டர எப்ப பார்த்தீங்க?" என்றார்.

எனக்குக் கண்ணாடியே கிடையாது. ஊசியில் நூல் கோர்க்கிறேன். கண்ணுக்கு என்ன?

மார்ச் 17, செவ்வாய்

லீவு போட்டேன். காலையில் வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்து ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தேன். "நான் உங்க மூக்கையே பார்ப்பேன். கரண்டிய மெதுவா மேல தூக்குங்க."

"காலங்காத்தால என்ன விளையாட்டு இது?"

"தூக்குங்க."

தூக்கினார். முகவாய்க்கு நேராக வந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவர் நெற்றியைத் தாண்டியதும் கரண்டி இல்லை. கையும் இல்லை. அங்கே இருட்டு இருக்கும் என்று நினைத்தேன், இருட்டுகூட இல்லை. பின்னால் இருந்த சுவர் நல்ல பிள்ளையாக அப்படியே இருந்தது.

"எங்க இருக்கு இப்ப?" என்றார்.

"கீழ வச்சிட்டீங்க."

"உன் முன்னாடிதான்டி ஆட்டிக்கிட்டு இருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. நாலு தடவை செய்தோம். ஐந்தாவதுக்கு அவரே கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

கண் ஆஸ்பத்திரியில் முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்கேயாவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். வாழ்க்கை முழுக்க யாரோ அழுத்துவதைப் பார்த்து வேலை செய்தவள் இன்று நானே அழுத்தினேன். நிறைய அழுத்தினேன். நன்றாகத்தான் செய்தோம் என்று வெளியே வந்தேன்.

அச்சிட்ட தாளை டாக்டரம்மா காட்டினார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். இரண்டிலும் மேல்பக்கம் வில் மாதிரி கறுப்பு.

கண்ணுக்குள் அழுத்தம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. இரண்டு மூன்று வருடமாக இருக்கலாம் என்றார்.

"எனக்குத் தெரியவே இல்லையேம்மா?"

"தெரியாது. இல்லாத இடத்த மூளையே நிரப்பிக்கும். இவ்வளவு நாள் நீங்க அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்து சமாளிச்சிருப்பீங்க. கழுத்து வலிக்குமே?"

போனது வராது. இருப்பதைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து, தினமும், வாழ்நாள் முழுக்க. கீழ்ப்பக்கம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. "அதுவும் போனா?" என்று கேட்டேன். "அதுவும் இப்படித்தான், போறப்ப உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் டெஸ்ட்" என்றார்.

ஆட்டோவில் அழுதேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 20, வெள்ளி

டெக்னீஷியன் அறிக்கை கொடுத்துவிட்டாராம். 'கணினியில் கோளாறு இல்லை' என்று ஒரே வரி. என்னைப் பற்றி எதுவும் எழுதவில்லை. "அத நீங்களே சொல்லிக்கோங்க மேடம், நான் சொல்றது முறையில்ல" என்றார் போனில்.

ஆகவே யாருக்கும் தெரியாது.

பட்டையைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டால் போதும். கீழே வைத்தால் நான்தான் பத்துக்குப் பத்து ஆயிற்றே. 'எனக்கு இப்படித்தான் வசதி' என்று ஒரு வார்த்தை. நாற்காலி என்னுடையது. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு. அலங்காரம்? அவன் சின்ன வயது, எங்கேயும் பிழைத்துக்கொள்வான் —

இதை நான்தான் எழுதினேனா? கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அந்த வட்டங்கள் இருக்கிற தாளை சூப்பர்வைசர் மேசையில் வைத்தேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன், காரணத்தோடு. அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நானே திருப்பிக் கொடுத்தேன்.

"கீழ வச்சா தெரியுதுல்லம்மா? அப்புறம் என்ன? பட்டைய கீழ வச்சிட்டு வேலையப் பாருங்க. உங்கள மாதிரி ஆளுக்கு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னதும் மனம் எப்படித் தாவியது! சரி சார் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா சொன்னது காதிலேயே நின்றது, போறப்ப உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் போகும் நாளில் வண்டியில் யார் இருப்பார்கள்? "வேண்டாம் சார். ஷிப்ட் போடற மேசைய எனக்குக் குடுங்க. அங்க யாரும் மணி அடிக்க மாட்டாங்க."

கட்டு போட்ட கையோடு உதவியாளர் பெண் மருத்துவச் சான்று கொடுக்க வந்திருந்தாள். அவளிடமும் சொன்னேன். "பரவால்லக்கா" என்றாள், முகத்தைப் பார்க்காமல். பரவாயில்லாமல் எப்படி இருக்கும்?

பிறகு ஆவண அறைக்குப் போனேன். அலங்காரம் ஏணி மேல் நின்று கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கீழே நின்று கண் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே இறங்கவில்லை.

"பத்து நாள் தூசி தின்னேன் அக்கா. வீட்ல என்னன்னு கேக்கறாங்க. என்னத்தச் சொல்றது? பூனை வச்சேன்னு தூக்கிட்டாங்கன்னா?"

கையிலிருந்த கோப்புகளை அடுக்கிவிட்டு, "டாக்டர் மருந்து குடுத்திருக்காங்களா?" என்று கேட்டான். கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "ஒழுங்கா போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்புக் கட்டை எடுத்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

ஷிப்ட் மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது. முப்பத்தாறு பேருக்கு யார் எப்போது வர வேண்டும் என்று கட்டம் போடுகிறேன். ஒருவருக்கும் என் கட்டம் பிடிக்கவில்லை. பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்குப் பழகவில்லை. காலையில் கால் தானாக மூன்றாம் மேசைக்குப் போகிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

அலங்காரம் காலை ஷிப்டுக்கு வந்து இரண்டு வாரமாகிறது. நான்தானே கட்டம் போட்டேன். தண்ணீர் பிடிக்கப் போகிற வழியில் இன்றுதான் அவன் திரையை நின்று பார்த்தேன். பட்டை கீழ் ஓரத்தில் இருந்தது. சூரியன் இல்லை, ஒரு அலங்காரமும் இல்லை. மணி மட்டும் இவ்வளவு பெரிதாக.

"ஏன் கீழ வச்சிருக்க? நான்தான் இங்க இல்லையே. உனக்குப் பழக்கம் மேலதானே?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க இந்தப் பக்கம் நடக்கறப்ப உங்களுக்கும் தெரியும்ல அக்கா. ரெண்டு பேரு பார்த்தா நல்லதுதானே?"

இன்றைக்கு மட்டும் எட்டுத் தடவை தண்ணீர் பிடிக்கப் போனேன்.