வட்டமில்லாத கண்கள்

ஆவணி 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஆபீஸ் ஏசி ரிப்பேர். இன்று 310 படம். வேலை அதேதான்: திரையில் ஒரு கண் வரும். கண்மணியைச் சுற்றி ஒரு வட்டம். கருவிழி முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில் இன்னொன்று. இதைப் பார்த்துத்தான் மெஷின் ஆட்களை அடையாளம் காணக் கற்கிறதாம். கண்மணி கோணலாக இருந்தால் ரிஜெக்ட். இன்று பதினைந்து இருக்கும். என் கண்ணும் எரிச்சல். சொட்டு மருந்து மறந்துவிட்டேன்.

10, செவ்வாய்
பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை, ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலுக்குப் பாதி தூரம் நடை. மதியம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அம்மா போன். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை. களை பறித்துத் தேய்ந்த விரல். கண்ணைக் காட்டச் சொன்னார்களாம், அதுவும் சேரவில்லை.
"மூணு வாட்டி வெச்சேன்டி. இது உங்க கண்ணு இல்லன்றான். பின்ன யாரு கண்ணு?"
சிரித்தாள்.

12, வியாழன்
லீவு. ஊருக்குப் போனேன். அம்மாவை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். புரை எடுத்த கண்ணில் கண்மணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, புளியங்கொட்டை மாதிரி. ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம், நான் கவனிக்கவே இல்லை.
"இன்னாடி அப்பிடி பாக்குற?"
"ஒண்ணுமில்லம்மா."
இந்தக் கண் ஆபீஸில் வந்திருந்தால் ஒரு நொடியில் தள்ளியிருப்பேன்.
அம்மாவுக்குப் பதில் ரேஷன் வாங்க, பக்கத்து வீட்டு சாந்தி அக்காவை மாற்று ஆளாகப் போட்டு மனு கொடுத்தோம்.

13, வெள்ளி
சூப்பர்வைசர் சுகுமார் சாரிடம் கேட்டேன். கோணல் கண்ணைத் தள்ளாமல், புள்ளி புள்ளியாக அதன் வடிவத்திலேயே வரையலாமா?
"டைம் ஜாஸ்தி ஆகும்மா. எண்ணிக்கை கம்மியானா யாரு பதில் சொல்றது?"
"தள்ளிட்டே இருந்தா மெஷின் இவங்க கண்ண எப்ப சார் கத்துக்கும்? எங்கம்மாவ ரேஷன் கடையில திருப்பி அனுப்பிட்டாங்க."
மேலிடத்துக்கு மெயில் போடுறேன் என்றார். நம்பிக்கையில்லை. தலைவலி.

25, புதன்
மழை. அம்மா மனு பாஸ். சாந்தி அக்கா கைரேகை வைத்து அரிசி வாங்கி வந்தாராம். "என் கண்ண நம்பல, அவ கைய நம்புறான்" என்றாள் அம்மா.
மெயிலுக்கும் பதில்: வரையலாம். தினசரி எண்ணிக்கையில் சலுகை இல்லை. பழைய ரிஜெக்ட் எல்லாம் திரும்ப எங்கள் தலையில். பக்கத்து சீட் பவானி, "உனக்கு வாய் சும்மா இருக்காதா?" நியாயம்தான். சாப்பிடத் தனியாகப் போனாள்.
ஒரு கண்ணுக்குப் பத்து நிமிடம். முப்பது புள்ளி. முதுகு விட்டுப்போயிற்று. நான்கு மணிக்கு பவானி எட்டிப் பார்த்தாள்.
"கீழ இன்னொரு புள்ளி வை. இமை மயிரு மறைக்குது பாரு."
வைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.