எலும்புக்கா, தண்ணீருக்கா?

வில்லோ ஃபோர்க், மொன்டானா
ஜனவரி 18, 2015

அன்புள்ள ராய்ஸுக்கு, மார்லிஸ் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நாய்களும் மாடுகளும் சுகம். நீ சுகமா என்று கேட்க ஃபோன் பண்ணினால் "ம்" என்கிறாய். அடுத்த "ம்" வருவதற்குள் வைத்துவிடுகிறாய். நேற்று கொஞ்சம் ஓங்கியே வைத்தாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வரைக்கும் உன் கோபம் வந்து சேருகிறது, என்னுடையது மட்டும் அங்கே வரக்கூடாதா?

முதலில் நல்ல செய்தி. உன்னைக் கதவோடு சேர்த்து நசுக்கிய காளையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டேன். லாரியில் ஏறும்போது அது திரும்பிப் பார்த்தது. போய்த் தொலை என்றேன்.

இப்போது நீ கேட்க விரும்பாத செய்தி. நேற்று பள்ளிக்கூட ஜிம்மில் உன் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் திரட்ட விருந்து நடந்தது. நான் ஏற்பாடு பண்ணவில்லை, ராய்ஸ். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒருவருக்கு அடிபட்டால் கார்லா தன் தபால் ஆபீஸ் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிடுவாள். ஒட்டின பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கே தெரியும். வழக்கம்போல காரமான பீன்ஸ் குழம்பும், பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டியும். நீ கண்ணை மூடிக்கொண்டு நாலு தட்டு சாப்பிடுவாயே, அதே சாப்பாடு.

யாருக்காக விருந்தோ அந்த வீட்டார் ஒரு கரண்டியைக்கூடத் தொடக்கூடாதாமே. வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராய்ஸ் எப்படி இருக்கான்?" என்று கேட்க, நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல, கன்னம் வலித்துவிட்டது. ஒருவர், "காளைக்கு ஒண்ணும் ஆகலையே? ராய்ஸ் இடுப்பு இரும்பாச்சே!" என்றார். சிரித்தேன். எத்தனை பேரை நாம் இப்படிக் கையைப் பிடித்து விசாரித்திருக்கிறோம்! அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பிறகு கார்லாவின் காரட் கேக் ஏலத்துக்கு வந்தது. உனக்குத் தெரியும், ஏலம் எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, கேக்கைத் திரும்ப மேஜையில் வைத்துவிடுவார். மறுபடி ஏலம். ஒரே கேக் ஜிம் முழுக்கச் சுற்றி வந்தது. கடைசியில் பக்கத்துப் பண்ணை லோவெல் எழுந்து ஒரு தொகை சொன்னான். கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை, நீ எழுந்து நடக்கப் பார்ப்பாய். கேக்கை என் மடியில் கொண்டுவந்து வைத்து, "சாப்பிடு, மார்லிஸ்" என்றான். அழுதுவிட்டேன். பாதி நன்றி, பாதி வெட்கம்.

போன அக்டோபரில் விவசாயிகள் மன்றத்தில் நீ பேசினது ஞாபகம் வந்தது. "ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் வாங்கலேன்னா அபராதமாம்! என் உடம்பு, என் எலும்பு. உடைஞ்சா நான் பாத்துக்கறேன், எங்க ஊர் பாத்துக்கும். வாஷிங்டன்காரன் எவனும் எனக்குக் கட்டுப்போட வர வேணாம்!" லோவெல் விசில் அடித்தான். நானும் கை சிவக்கத் தட்டினேன். இன்றைக்கும் அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு சாமானை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அரசாங்கம் ஒருவனைப் பிடித்துத் தள்ளுவது எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். ஏப்ரலில் இன்னொரு ஆபரேஷன். இடுப்பு மூட்டை மாற்றாவிட்டால் நீ குதிரையில் உட்கார முடியாது. கார்லா நேற்றே ஜிம்மைக் கழுவிக்கொண்டு, "ஏப்ரல் கடைசி சனிக்கிழமை அடுத்த விருந்துக்கு இப்பவே சொல்லி வச்சிடட்டுமா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன்.

உன் இடுப்பு சேரட்டும். கோபம் அதற்கு முன்னால் ஆறட்டும்.

அன்புடன்,
மார்லிஸ்


வில்லோ ஃபோர்க்
ஜனவரி 29

அன்புள்ள ராய்ஸுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கப் போவதில்லை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

இன்று காலை மாடுகளுக்குப் புல் போட்டுவிட்டு லோவெல் சமையலறைக்கு வந்தான். காப்பி ஊற்றினேன். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்து, பேனாவையும் பக்கத்தில் வைத்தான். "ராய்ஸ் சரின்னுட்டான், மார்லிஸ். நேத்து ஃபோன்ல பேசினேன். உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றான்.

வாய்க்கால் காகிதம்! ஜூலை மாதம் முழுக்க வாய்க்காலின் தலைமதகுத் தண்ணீர் அவனுடைய புதிய தெளிப்பானுக்கே ஓடலாம், நம்முடைய முறை ஆகஸ்டுக்குப் போகலாம் என்று எழுதின அதே காகிதம். வாய்க்காலில் பங்குள்ள ஐந்து குடும்பமும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்பதால் இரண்டு கோடையாக நீ போடாமல் நின்றாய். போன ஜூலையில் மதகுமேல் நின்றுகொண்டு நீங்கள் இரண்டு பேரும் கத்தின கத்தலில் நம் நாய்கள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஆகஸ்டில் வருகிற தண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? குதிரைமசால் தீவனம் இரண்டாவது அறுப்புக்கு முன்னாலேயே கருகிவிடும். அந்த அறுப்பு இல்லாவிட்டால் பாதி மாட்டை விற்கவேண்டும். இதெல்லாம் எனக்கு நீ சொல்லிக்கொடுத்த கணக்குதான்.

கட்டின பெண்டாட்டியிடம் "ம்" தவிர வேறு வார்த்தை வராத வாயிலிருந்து அவனுக்கு மட்டும் "சரி" வந்ததா?

அவனைக் கேட்டேன், "நீ கேட்டியா, ராய்ஸா சொன்னானா?" என்று. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சத்தியமா நான் கேக்கல. தெளிப்பான் வந்து இறங்கிடுச்சுன்னு பேச்சுவாக்குல சொன்னேன். அவனாத்தான், தண்ணிய நீயே எடுத்துக்க லோவெல்னான்" என்றான். நான் நம்புகிறேன். அவன் கெட்டவன் இல்லை. காளையின் காலடியிலிருந்து உன்னை இழுத்துப் போட்டவன் அவன். அன்றிலிருந்து விடியும் முன்னால் பனியில் நம் மாடுகளுக்குப் புல் கொண்டுவந்து போடுகிறவனும் அவன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம், ராய்ஸ்! கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பேன்.

இப்போது நீயே சொல்லு. அரசாங்கம் கட்டாயப்படுத்தினால் திட்டலாம், வழக்குப் போடலாம், எதிர்த்து ஓட்டுப் போடலாம், மன்றத்தில் எழுந்து கத்தலாம். நீ அதெல்லாம் செய்தாய். நல்ல மனசோடு ஒருவன் மடியில் கேக்கை வைத்தால் அவனை எந்தக் கோர்ட்டுக்கு இழுப்பது? வாஷிங்டனுக்கே வளையாத மனுஷன் ஒரு காரட் கேக்குக்கு வளைந்துவிட்டாயே! யாரும் உன்னைக் கேட்கக்கூட இல்லை. நீயாகவே கொடுத்துவிட்டாய். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் பேனாவைத் தொடவில்லை. "லோவெல், அன்னிக்கு ஜிம்ல குடுத்தியே, அது ராய்ஸோட எலும்புக்கா, தண்ணிக்கா? தண்ணிக்குன்னா இப்பவே சொல்லு. மாட்டை வித்தாவது திருப்பிக் குடுத்துடறேன்" என்றேன். அவன் முகம் கழுத்து வரைக்கும் சிவந்துபோயிற்று. "என்ன பேச்சு பேசற மார்லிஸ்? எலும்புக்குத்தான்" என்றான். "எலும்பு நல்லா சேந்துக்கிட்டு வருது. ரொம்ப நன்றி" என்று காகிதத்தை மடித்து அவன் கையிலேயே கொடுத்தேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு அரைமணி நேரம் பாத்திரம் கழுவினேன், கழுவ ஒன்றும் இல்லாமலே.

மார்லிஸ்


வில்லோ ஃபோர்க்
பிப்ரவரி 9

அன்புள்ள ராய்ஸுக்கு,

முதல் கன்று பிறந்துவிட்டது. கிடேரி. தாயும் கன்றும் நலம். காது நுனி மட்டும் பனியில் கொஞ்சம் விறைத்தது, அடுப்படியில் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

ஊரில் எனக்கு இப்போது நல்ல பெயர் இல்லை. தபால் ஆபீஸில் கார்லா என் கடிதங்களைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்கிறாள். வியாழக்கிழமை வாய்க்கால் கூட்டம். லோவெல் காகிதத்தை எடுக்கவே இல்லை, மற்றவர்கள்தான் பேச்சை எடுத்தார்கள். நான் எழுந்து, "எங்க முறையை விட மாட்டோம்" என்றேன். பின்வரிசையில் ஒரு குரல், "தின்ன கை ஈரம் இன்னும் காயல, அதுக்குள்ள பேச்சைப் பாரு" என்றது. யார் என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். நான் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று கத்த நினைத்தேன். கத்தாமல் உட்கார்ந்தேன். நம் கையெழுத்து இல்லாததால் காகிதம் நின்றுபோயிற்று.

மறுநாள் விடியும்போது லோவெலின் லாரி வந்தது. நான் ஓடிப்போய், இனிமேல் புல்லை நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். "மாட்டுக்கும் மதகுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா இரு" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, கட்டுகளை இறக்கிப் போட்டுவிட்டுப் போனான். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. பேசுவோம்.

இனி, நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உட்கார்ந்திருந்தால் படுத்துக்கொண்டு படி.

சனிக்கிழமை நகர நூலகத்துக்குப் போனேன். இன்சூரன்ஸில் சேர்த்துவிடுவதற்கு அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மாதம் எவ்வளவு, முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று அவள் சொன்னதும், "இது பகல் கொள்ளை" என்றேன். "எல்லாரும் அதேதாங்க சொல்றாங்க, உக்காருங்க" என்று சிரித்தாள். என்ன சம்பாதிக்கிறேன், புகை பிடிப்பேனா என்று முன்பின் தெரியாதவள் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அது அவமானமாகத்தான் இருந்தது. ஆனால், ராய்ஸ், அந்த அவமானம் கையெழுத்துப் போட்டதும் முடிந்துவிட்டது. வெளியே வந்தேன், காரை எடுத்தேன், யாருக்கும் நன்றி சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தக் கம்பெனிக்காரன் ஜூலையில் வந்து என் தண்ணீரைக் கேட்கமாட்டான். முகம் தெரியாதவனுக்குக் கட்டுப்பட்டால் போதும், தெரிந்த முகங்களோடு நான் சண்டை போட்டுக்கொண்டு சுதந்திரமாக இருப்பேன். எனக்கு அதுதான் சுதந்திரம் என்று முடிவுபண்ணிவிட்டேன். உனக்கு வேறாக இருக்கலாம்.

எனக்கு மட்டும்தான் போட்டேன். "உங்க வீட்டுக்காரர் பேரையும் சேத்துடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். சேர்த்துவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் பிறந்த தேதியைக்கூடச் சொல்லிவிட்டேன். அப்புறம், வேண்டாம், அழித்துவிடு என்றேன். உனக்குத் தெரியாமல் உன்னைப் பிடித்துத் தள்ளினால், நீ எதிர்த்துக் கத்தினவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இது உன் பாடு. வருகிற ஞாயிறு, பதினைந்தாம் தேதி கடைசி நாள். அந்தப் பெண்ணின் நம்பரை இதோடு வைத்திருக்கிறேன். சேர்ந்தால் மார்ச்சிலிருந்து செல்லும், ஏப்ரல் ஆபரேஷன் அதில் அடங்கிவிடும். சேரமாட்டேன் என்றால் அதையும் நான் ஏற்றுக்கொள்வேன். உன்னோடு சண்டை போடமாட்டேன், கொஞ்சம்தான் போடுவேன். ஆனால் ஏப்ரலில் ஜிம் வேண்டாம் என்று கார்லாவிடம் சொல்லிவிட்டேன். விருந்து வேண்டுமென்றால் நீயே அவளைக் கூப்பிட்டுச் சொல்லு. அந்த வாசல் நாற்காலியில் நீயே ஊன்றுகோலோடு உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பிடித்துக் குலுக்கு. நான் இன்னொருமுறை உட்காரமாட்டேன். எது எப்படியானாலும் வாய்க்கால் காகிதத்தில் என் கையெழுத்து வராது.

பயமாக இருக்கிறது, ராய்ஸ். உன் இடுப்பை நினைத்தல்ல, அதற்கு டாக்டர் இருக்கிறார். லோவெலிடம் நீ "எடுத்துக்க" என்று சொன்னதை நினைத்துத்தான் தூக்கம் வருவதில்லை. மூன்று மணி நேரத் தூரத்தில் படுத்திருக்கிற அந்த மனுஷன் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. என் அப்பா முகத்துக்கு நேராக, மாட்டேன் என்று சொன்ன ஒரு பையனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். முப்பது வருஷமாக எனக்கும் எத்தனை "மாட்டேன்" சொல்லியிருப்பாய்! ஒவ்வொன்றுக்கும் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

ஃபோனை எடு. எனக்குப் பண்ணவேண்டாம், முதலில் லோவெலுக்குப் பண்ணு. நன்றி சொல்லு, மனசாரச் சொல்லு, அவனுக்கு அது தகும். சொல்லிவிட்டு, தண்ணீர் தரமாட்டேன் என்று சொல்லு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, இன்சூரன்ஸில் சேரமாட்டேன் என்றுகூடச் சொல்லிக்கொள். நொண்டினாலும் சரி, அந்த மனுஷன்தான் எனக்கு வீடு வந்து சேரவேண்டும்.

எப்போதும் உன்னோடு, சில சமயம் உனக்கு எதிராக,
மார்லிஸ்