பங்குனிக் கவாத்து

திண்டிவனம்,
12-8-1984

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் கிருஷ்ணவேணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் நம் மகள் பொன்னியும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். நீங்களும் கடலூர் ஜெயிலில் அப்படியே இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். தபாலில் போட்டால் அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். அதனால் உறையைப் பசை போட்டு ஒட்டி வக்கீல் விருத்தாசலம் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு முன்னாலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

செப்டம்பர் மூன்றாம் தேதி திங்கட்கிழமை விழுப்புரம் கோர்ட்டில் நம் கேஸ் வருகிறது. முதல் சாட்சி நான். கூண்டில் ஏறி என்ன சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் சங்கதி. மேட்டு நிலத்தில் மல்லாட்டை விதைத்தாயிற்று. பக்கத்துக் கொல்லை பெரியதம்பி அண்ணன் தன் மாட்டைக் கொண்டுவந்து ஏர் ஓட்டிக் கொடுத்தார். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. பொன்னி மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அவளை ‘வெரலுவெட்டி பொண்ணு’ என்று கூப்பிட்டிருக்கிறது. இவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ரத்தம் வரக் கடித்துவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பிக் கண்டித்தார். வீட்டுக்கு வந்து நான் அவளை ஒரு அடி கூட அடிக்கவில்லை. எந்த முகத்தோடு அடிப்பது?

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. துரைசாணி ரோஜா எத்தனை செடி பிழைத்தது, பந்தலுக்குக் கீற்று மாற்றினேனா, புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றுகிறேனா, இலையில் சாம்பல் படிகிறதா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கமும் செடிதான். உங்கள் தம்பி பாண்டுரங்கனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நூற்றிருபதில் நான்கு பிழைத்திருக்கிறது. அது எப்படி நான்காயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ரோஜா நம் வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன், ஜெயிலில் உட்கார்ந்து எதையெதையோ மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. குன்னூரில் எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்த உங்கள் தம்பி, நான்கு வருஷத்துக்கு முன் அந்தக் குச்சிகளை ஈரப்பாசியில் சுற்றி வாழைப்பட்டைக்குள் வைத்துக் கட்டி, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தார். நம் நாட்டு ரோஜாவில் கண் வைத்து ஒட்டுக் கட்டியது அவர் கைதான். குன்னூரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்குமாம், கறுப்போ என்று நினைக்கும் சிவப்பாம், ஒரு பூ வைத்தால் அறை முழுக்க மணக்குமாம். இங்கே அதற்கு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் பட்டால் மொட்டு பாதி விரிந்ததும் ஓரம் கருகும். மழை பெய்தால் இலை கொட்டும். தண்ணீர் குறைந்தால் தலை தொங்கும், கூடினால் வேர் அழுகும். இது செடியில்லை, துரைசாணி என்று நான் கேலி செய்தது ஊருக்கே அதன் பெயராகிவிட்டது. நீங்கள் பந்தல் போட்டு, பானைத் தண்ணீர் ஊற்றி, மார்கழியில் ஒன்பது பூ பார்த்தீர்கள்.

அந்த ஒன்பதில் ஒன்றைப் பறித்து நான் தலையில் வைத்தேன். நீங்கள் அறைந்த அறையில் என் இடது காதில் அன்றிலிருந்து ஒரு இரைச்சல். யார் இடதுபக்கம் நின்று பேசினாலும் நான் திரும்பிப் பார்ப்பது அதனால்தான். இதை இத்தனை நாள் உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பங்குனி அமாவாசைக்கு நீங்கள் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனீர்கள். தம்பி லீவில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தை மாசம் கிணற்றடி நிலத்தைப் பாகம் பிரிக்கச் சொல்லி அவர் கேட்டதிலிருந்து நீங்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்று காலை அவர் செடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இன்னா அண்ணி, ஒட்டடைக் கழி மாதிரி வளர்ந்துகினு நிக்குது, ஒரு மொட்டைக் காணோம்’ என்றார். குன்னூரில் மார்ச் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்களாம், மே மாசம் செடி தெரியாமல் பூக்குமாம். அதற்குக் கவாத்து என்று பெயராம். அண்ணன் வரட்டும், கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்றுதான் அவர் சொன்னார்.

மாமா, வெட்டச் சொன்னது நான்தான்.

கேட்டால் நீங்கள் விடமாட்டீர்கள், சித்திரையில் பூத்துக் குலுங்கினால் அண்ணன் தம்பி கோபமெல்லாம் பறந்துவிடும், நீங்கள் வருவதற்குள் முடித்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். அமாவாசையில் செடியில் கத்தி வைக்கலாமா என்று தயங்கினார். அதையும் நான்தான் தட்டிக்கழித்தேன். சாயங்காலம் வரை ஒவ்வொரு கிளையாகக் கண் பார்த்து, சாய்வாக வெட்டினார். வெட்டிய குச்சிகளை நான் அள்ளி வேலி ஓரம் போட்டேன்.

மறுநாள் காலை நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் அம்மனிடம் வாங்கிய எலுமிச்சம்பழத்தோடு நீங்கள் வந்தீர்கள். தம்பி குந்தி உட்கார்ந்து வெட்டுவாயிலெல்லாம் சாணி அப்பிக்கொண்டிருந்தார். உங்களைப் பார்த்ததும் சிரித்தார். நீங்கள் பார்த்தது நூற்றிருபது மொட்டைக் கட்டைகளை. நம் பக்கத்தில் பகை என்றால் முதலில் பயிரில்தான் கை வைப்பார்கள். பாகப்பிரிவினைச் சண்டையில் ராத்திரியோடு ராத்திரியாக வாழைத்தோப்பைச் சாய்த்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தம்பியும் அதைத்தான் செய்துவிட்டார் என்று நீங்கள் நினைத்தது எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பந்தல் காலில் செருகியிருந்த அருவாளை உருவினீர்கள். முதல் வெட்டு தோளில் இறங்கியது. எலும்பில் படும் சத்தம் எனக்கு நல்ல காதில் கேட்டது. அவர் ‘அண்ணா, அண்ணா’ என்று வலது கையைத் தூக்கினார். இரண்டாவது வெட்டில் நான்கு விரல் போனது. கட்டைவிரல் மட்டும் தனியாக ஆடிக்கொண்டு நின்றது. மூன்றாவது வெட்டு கழுத்துக்கு. பந்தல் கால் குறுக்கே வந்ததால் அருவாள் மரத்தில் சிக்கிக்கொண்டது. அதை நீங்கள் காலால் உதைத்து இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியதம்பி அண்ணன் ஓடிவந்து உங்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்.

நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். கையில் உங்களுக்குப் போட்ட டீ. ‘வெட்டச் சொன்னது நான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாவது வெட்டு விழுந்திருக்காது, அல்லது என் மேல் விழுந்திருக்கும். அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு பூவுக்கு அந்த அறை என்றால் நூற்றிருபது செடிக்கு என்ன என்று என் மனசு கணக்குப் போட்டது. இந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவேன்?

விரல்களை நான்தான் பொறுக்கினேன். சாணியும் ரத்தமும் கலந்த மண்ணில் மூன்று கிடைத்தது. நான்காவது கிடைக்கவே இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, மல்லாட்டை லோடு ஏற்றி வந்த லாரியை ரோட்டில் குறுக்கே விழுந்து நிறுத்தி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தம்பி தலை என் மடியில் இருந்தது. டாக்டர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு இனிப் பிரயோசனமில்லை என்றார். அங்கே போலீஸ் வந்து கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். யார் வெட்டச் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் இப்போது நம் மோட்டார் கொட்டகையில்தான் இருக்கிறார். குன்னூரில் அவர் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். விரலில்லாத தோட்டக்காரனை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பெண் கொடுப்பதாக இருந்த அவலூர்பேட்டைக்காரர்களும் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்கள். மூன்று வேளையும் பொன்னிதான் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இடது கையால் பிசைந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, அவள் போன பிறகுதான் சாப்பிடுகிறாராம்.

செடிக்கு வருகிறேன். சித்திரை வெயில் அந்த வெட்டுவாய் வழியாக இறங்கி அடிவரை சுட்டுவிட்டது. குன்னூரில் மார்ச் மாசம் மேகமும் பனியும் மூடியிருக்கும், வெட்டிய செடி துளிர்க்கும். நம் ஊரில் ஐப்பசியில்தான் வெட்ட வேண்டுமாம், அதுவும் கொஞ்சமாக. அவருக்கே அது பின்னால்தான் உறைத்தது. ‘தப்பு என்னுதுதான் அண்ணி. எட்டு வருசம் குளிர்ல இருந்துட்டு நம்மூரு வெயிலை மறந்துட்டேன். அண்ணன் கோவப்பட்டதுல இன்னா தப்பு’ என்கிறார். செடிக்குச் செய்த தப்புக்கு விரலா கொடுப்பார்கள்?

நூற்றிருபதில் பதினொன்று பிழைத்துத் துளிர் விட்டிருந்தது. ஆடிப் பதினெட்டன்று ஊரெல்லாம் படையல் போட்டுக்கொண்டிருக்க, நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கை காலெல்லாம் முள் கிழிக்க ஏழு செடியை வேரோடு கொத்திப் போட்டேன். ஒவ்வொரு போடு போடும்போதும் உங்கள் பெயரைச் சொன்னேன். கட்டிய பெண்டாட்டி சொல்லக்கூடாத பெயரைத் தொண்டை கிழியச் சொன்னேன். அந்த நேரத்தில் நீங்கள் எதிரில் நின்றிருந்தால் உங்களையும் கொத்தியிருப்பேன். எட்டாவது செடிக்கு மண்வெட்டியை ஓங்கியபோது தம்பி வந்து இடது கையால் பிடித்துக்கொண்டார். ‘வேணாம் அண்ணி, அண்ணன் வந்து பார்க்கட்டும்’ என்றார். அதனால்தான் நான்கு.

இனிக் கோர்ட் விஷயம். செடி வெட்டும்போது தன் கையே தவறிவிட்டது என்று சொல்லிவிடுவதாகத் தம்பி வக்கீலிடம் சொல்லிவிட்டார். தோளில் எப்படி வெட்டு விழுந்தது என்று கேட்டால் அருவாள் மேல் விழுந்துவிட்டேன் என்பாராம். பெரியதம்பி அண்ணனும் அவர் சொல்கிறபடியே சொல்வதாக இருக்கிறார். நானும் போலீஸில் சொன்னதை மாற்றி எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் கேஸ் நிற்காது, நீங்கள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். பார்த்ததைச் சொன்னால் ஏழு வருஷம் கூட ஆகலாமாம். பொன்னி அதற்குள் வயசுக்கு வந்துவிடுவாள்.

ஆனால் பெரியதம்பி அண்ணன் உங்களை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர், வாசலில் நின்றபடியே தலையில் கை வைத்துக்கொண்டார். ‘பாதிலே வுட்டுட்டேன், வெளிய வந்து முடிக்கிறேன்னு சொல்றாம்மா’ என்றார். மாமா, நான் வாயை மூடி உங்களை வெளியே கொண்டுவந்து, நீங்கள் அந்த மோட்டார் கொட்டகைக்குப் போனால், அந்த உயிருக்கு யார் பொறுப்பு? ஒருமுறை வாயை மூடி நான்கு விரல் போனது போதாதா?

உங்களுக்கு ஆத்திரம் தீரவில்லையென்றால் ஆள் நான்தான். இப்போது தெரிந்துகொண்டீர்கள் அல்லவா, வெட்டச் சொன்னவள் யார் என்று. நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் வந்த அன்று தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டுத் தம்பி கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். ‘அண்ணன் என்னைக் கேட்டிருக்கா அண்ணி?’ என்றார். கேட்டிருக்கிறார், கை ஆறிவிட்டதா, வலி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தைக் கொடுங்கள், நானே ஒருமுறை படிக்கிறேன் என்றார். அடுப்படியில் எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்றேன். தினமும் கேட்கிறார். தினமும் தேடுகிறேன்.

உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தேதிக்கு முன்னால் எனக்கு ஒரு பதில் போடுங்கள். அதை நான் அவர் கையில் கொடுக்கிற மாதிரி எழுதுங்கள். கொடுக்க முடிந்தால்தான் மூன்றாம் தேதி நான் எதையும் பார்க்காதவள். தாயே அங்காளம்மா, அவர் கைக்கு நல்ல எழுத்தைக் கொடு.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்கு வாசலிலேயே நிற்கும்,
கிருஷ்ணவேணி